பால் மறக்கடித்த சித்தி பரீதா

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, கச்சான் காற்று வீதிப் புழுதியை வாரி முகத்தில் எறிந்துகொண்டிருந்த ஆடி மாதத்தில், சித்தி பரீதாவை நான் முதன்முதலாகக் கண்டேன்; சித்தி என்பது உறவுமுறையன்று, அவருடைய பெயரிலேயே உள்ளது. என் தங்கையின் மகள் கீர்த்தனி, துறைமுகத்து அலுவலகமொன்றில் மீண்டும் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்த காலம் அது. அவளுடைய மகனோ இரண்டு வயதை நெருங்கியும் தாய்ப்பாலை விடுவதாயில்லை. வேப்பெண்ணெய் தடவினாள், கற்றாழைச் சாறு தடவினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தபடியே குடித்தான். உடன் வேலை செய்த பெண்ணொருத்தி ஜமாலியாவிலிருக்கும் பரீதாவின் பெயரைச் சொன்னாள். லிங்கநகரிலிருந்து ஓட்டோ பிடித்து, பிள்ளையுடன் நாங்கள் இருவரும் போய் இறங்கினோம்.

வாசலில் நின்ற பருத்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வந்த காரியத்தை நானே சொன்னேன்: பிள்ளைக்குப் பால் மறப்பிக்க வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க டீச்சரா?"

ஓய்வு பெற்றுவிட்டேன், தமிழ் படிப்பித்தேன் என்றேன்.

"கதையில விளங்குது. மறப்பிக்கிற வேலை எனக்குத் தெரியா டீச்சர். நான் மறக்கடிக்கத்தான் செய்வன். உள்ளுக்கு வாங்க."

பால் மறவாத பிள்ளைகளை இரண்டு மூன்று நாட்களுக்கு வேறொரு வீட்டில் விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கந்தான். பெரும்பாலும் தாயை ஒளித்து வைத்துவிடுவார்கள். தாய் இல்லையென்று கண்டதும் பிள்ளை அழுது களைத்து ஓய்ந்துவிடும். பரீதாவுக்கு அந்த முறை பிடிக்காது. தாய் செத்துப்போனாள் என்று நினைத்து மறப்பதெல்லாம் ஒரு மறதியா என்று கேட்பார். கசப்புத் தடவுவதும் அவருக்குப் பிடிக்காது; அது பிள்ளைக்குச் செய்யும் களவு என்பார். அவருடைய வீட்டுக்கு வரும் தாய்மாருக்கு ஒரே கட்டளைதான். அன்று கீர்த்தனிக்கும் அதையே சொன்னார்:

"வாசல்ல இரிங்க. புள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியணும். கிட்ட வராதீங்க."

பிறகு பிள்ளையைத் தம் மடியில் கிடத்தி, முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவன் அழுவதற்கெல்லாம் விட்டுக்கொடுத்து அமர்ந்திருந்தார். சற்று நேரத்தில் அவருடைய முகம் மாறியது. பிள்ளையைத் தூக்கித் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இது அடமில்லை, அடமென்றால் அழுகை வெளியே வரும், இது உள்ளுக்குள்ளே போகிறது, முதலில் டொக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றார். காட்டினோம். காதுக்குள் சீழ் இருந்தது. அது ஆறிய பிறகு மீண்டும் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் காலையில் பிள்ளை மறந்துவிட்டான். வாசலிலிருந்து அழுதவள் கீர்த்தனி.

"புள்ளை மறந்திரும் டீச்சர்," என்றார் பரீதா. "தாய்தான் மறக்கமாட்டா."

அவர் பிறந்தது கிண்ணியாவில். கணவர் ஸைனுலாப்தீன் துறைமுகத்தில் இழுவைப்படகொன்றில் வேலை செய்தவர்; பெரிய கப்பல்களைத் துறைக்கு இழுத்துவருகிற சிறிய படகு. கரையோரமிருந்த வீட்டை ஆழிப்பேரலை கொண்டுபோனபின், நகரத்துக்கு வந்து குடியேறினார்கள். கணவர் காலமான பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, ஒரே மகளான றிஷானாவை வளர்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார். பிள்ளைகளுக்குப் பால் மறக்கடிப்பதை அவர் தொழிலாக எண்ணியதில்லை. தாய்மார் அழைத்துவந்தார்கள், அவர் மடியைக் கொடுத்தார்.

எங்களுக்குள் ஏற்பட்ட பழக்கம் கைத்தொலைபேசியால் வளர்ந்தது. அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். றிஷானா வட்ஸ்அப்பைக் காட்டிக்கொடுத்ததும் எனக்குச் செய்தி எழுதத் தொடங்கினார். 'டீச்சர் என்ன செய்ரிங்க' என்று வரும். 'மண்ணிக்கவும்' என்று வரும். மன்னிப்புக்கு இரண்டு சுழி, மண்ணுக்குத்தான் மூன்று சுழி என்று நான் திருத்தி அனுப்புவேன். மறுநாள் வேண்டுமென்றே 'வாணம் இருட்டிக்கிட்டு வருது' என்று எழுதுவார். நேரில் கண்டபோது கடிந்துகொண்டேன். ஒரு சுழி கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எழுதினால் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்தானே என்று சிரித்தார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு மார்கழி மழையில் அவருக்கு நெஞ்சுச்சளி கண்டது. நீண்ட காலமாகவே பிரஷரும் சீனி வருத்தமும் இருந்தன. அவற்றுக்கான குளிசைகளைத் தவறவிடுவதும் இருந்தது. சளி நியுமோனியாவாக மாறி, மூச்சு எடுக்க இயலாமற்போகவே, ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, வாய்வழியாகக் குழாய் செலுத்தி, இயந்திரத்தின்மூலம் சுவாசம் கொடுத்தார்கள்.

மருந்துகளால் நியுமோனியா குறைந்தது. காய்ச்சல் விட்டது, நெஞ்சுப் படமும் தெளிந்தது. ஆயினும் இயந்திரத்தை விட்டு அவரால் வர முடியவில்லை. நாள்தோறும் காலையில் மயக்க மருந்தைக் குறைத்து, குழாய் இருந்தபடியே இயந்திரத்தின் தள்ளுதலை மட்டும் தணித்து, தாமாகச் சுவாசிக்கிறாரா என்று பார்த்தார்கள். சிறிது நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிறகு உடல் வியர்க்கும்; மூச்சு மேலும் கீழும் ஓடும்; இரத்த அழுத்தம் ஏறும்; உதடு நிறம் மாறும். மீண்டும் இயந்திரத்தின் முழு உதவிக்கே திருப்பிவிடுவார்கள். இப்படியே போனால் கழுத்தில் துளையிட்டு அங்கே குழாய் பொருத்த நேரிடும் என்று றிஷானாவிடம் சொல்லியிருந்தார்கள்.

நுரையீரல் தெளிந்தபிறகும் ஏன் முடியவில்லை என்று அவள் கேட்டபோது, அம்மா பயப்படுகிறார் போலிருக்கிறது, இயந்திரத்துக்குப் பழகிவிட்டார், கொஞ்சம் முயற்சி எடுக்கச் சொல்லுங்கள் என்று தாதியொருவர் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். றிஷானா அதைப் பிடித்துக்கொண்டாள். தாயின் காதில் குனிந்து கெஞ்சினாள், பிறகு பயந்தாங்கொள்ளி என்று கோபித்தாள். பரீதாவோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சில நாட்களில், மகள் வந்தால் கண்ணைத் திறப்பதையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் றிஷானா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள்.

"உம்மா மனம் வைக்கிறா இல்ல டீச்சர். நீங்க ஏசினாக் கேப்பா."

ஏசுவதற்காக நான் போகவில்லை, ஆனால் போனேன். ஆஸ்பத்திரி மதிலோரத்தில், நகருக்குள் திரியும் மான்களில் இரண்டு, யாரோ எறிந்த வாழைப்பழத் தோலுக்குச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. உள்ளே பரீதாவைக் கண்டபோது, அந்தப் பருத்த உடல் கட்டிலில் அங்கங்கே தளர்ந்து கிடந்தது. வாயின் ஓரத்தில் குழாயை ஒட்டிய பிளாஸ்டர். நான் பெயர் சொன்னதும் கண் திறந்தார். அந்நேரம், கட்டிலின் கால்மாட்டில் நின்ற தாதி, அன்று கடமைக்கு வந்த வைத்தியரிடம் காலையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் வீன் பண்ணிப் பார்த்தோம், ஏலாமற்போய்விட்டது என்பது என் காதில் விழுந்தது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பரீதாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஓரத்தால் நீர் வழிந்தது.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என் உள்ளங்கையை மெல்ல விரித்து, சுட்டுவிரலால் எழுதத் தொடங்கினார். முதலில் வகரம், அதன் தலையில் நெடிலுக்குரிய சுழிப்பு. பிறகு ஒரு சுழி, இன்னொரு சுழி, மூன்றாவது சுழி. அதற்குமேல் ஒரு புள்ளி. வீண். பழகிய இத்தனை ஆண்டுகளிலும் றகரத்தையும் ணகரத்தையும் வேண்டுமென்றே குழப்பி எனக்குச் செய்தி அனுப்பியவர், அந்தச் சொல்லை மட்டும் பிழையின்றி எழுதினார்.

காலைதோறும் தம் கட்டிலருகே நின்று, வீண் என்றும், வீண் பண்ணினோம் என்றும், வீண் பண்ண ஏலாது என்றும் பேசிக்கொள்கிறார்கள் என்றே அவர் விளங்கிக்கொண்டிருந்தார். வாய்க்குள் குழாயிருக்கும் மனிதர் யாரிடம் கேட்பது? தம்மை வீணென்று முடிவுசெய்துவிட்டார்கள், மகளுக்கும் அது தெரியும், அதனால்தான் கோபிக்கிறாள் என்று அவர் சுவரைப் பார்த்துக் கிடந்திருக்கிறார்.

நான் வைத்தியரிடம் சென்றேன். துவாரகன் என்பது அவருடைய பெயர், இளைஞர், சாம்பல்தீவுக்காரர். நீங்கள் சொல்கிற அந்தச் சொல் என்ன, அதற்குப் பொருள் என்ன என்று கேட்டேன். இயந்திரத்திலிருந்து சிறிது சிறிதாக விடுவிப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வோம் என்றார். அந்தச் சொல்லுக்குச் சொந்தப் பொருள் என்ன என்று மீண்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்து, கூச்சத்துடன் சிரித்தார்.

"அது டீச்சர், குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிறது."

நான் பரீதாவிடம் திரும்பிவந்து, அவருடைய உள்ளங்கையை எடுத்து, அதே சொல்லை இரண்டு சுழியோடு எழுதினேன். "இது வேறு சொல், பரீதா. இங்கிலீசுச் சொல். உங்களை வீண் என்று ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்குப் பால் மறக்கடிக்கிறார்கள்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கின. சிரிப்போ அழுகையோ நான் அறியேன். இயந்திரம் அலறத் தொடங்கிவிட்டது. தாதி ஓடிவந்து, நோயாளியை என்ன செய்தீர்கள் என்று என்னைக் கடிந்துகொண்டார்.

சொல் தெளிந்தால் மூச்சும் வந்துவிடும் என்று நானும் றிஷானாவும் எண்ணினோம். மறுநாள் காலையில் பரீதா கண்ணைத் திறந்து, தலையை அசைத்து, தாதி சொன்னபடியெல்லாம் செய்தாராம். அப்படியும் சிறிது நேரத்தில் வியர்த்தது. உதடு நிறம் மாறியது. அன்று மாலை நான் போனபோது அவர் என் கையில் எதையும் எழுதவில்லை. முன்னைய நாட்களில் அவருக்கு ஒரு கோபமாவது இருந்தது; இப்போது அதுவும் இல்லை. தம்மால் முடியாது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. றிஷானா வாசலுக்கு வெளியே சுவரில் நெற்றியை வைத்து நின்றாள்.

துவாரகன்தான் அந்த இடத்தில் நின்று யோசித்தவர். மனம் வைத்தும் முடியவில்லையென்றால் குறை மனத்தில் இல்லை என்று அவர் சொன்னார். அடுத்த நாள் எக்கோ இயந்திரத்தைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டுவரச் செய்தார். குளிர்ந்த பசையைத் தடவி, இடது மார்பின் கீழே கருவியை வைத்து, இயந்திரம் முழுமையாகச் சுவாசம் கொடுக்கும்போது இதயத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தள்ளுதலைத் தணித்து, பரீதா தாமாக மூச்செடுக்கும்போது இன்னொருமுறை பார்த்தார். அவருக்கு வியர்க்கத் தொடங்கும்வரை கருவியை எடுக்கவில்லை.

அதன்பின் எங்கள் இருவரையும் அழைத்து, கையைப் பொத்திக் காட்டி விளங்கப்படுத்தினார். முதல்முறை பார்த்தபோது இதயம் நன்றாகவே சுருங்கியது. ஆனால் பல ஆண்டுகளாகப் பிரஷரோடு போராடி அதன் சுவர் தடித்துவிட்டது. சுருங்கத் தெரிகிறது, விரியத் தெரியவில்லை. இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்வரை, நெஞ்சுக்குள் இருக்கும் அந்த அழுத்தமே இதயத்துக்கும் ஒரு தாங்கலாக இருந்தது; இரத்தம் அளவாகத் திரும்பிவந்தது. தாமாக மூச்சை உள்ளிழுக்கும்போதோ இரத்தம் ஒரேயடியாக வந்து சேருகிறது. விரிய மாட்டாத இதயம் அதை ஏற்காமல் பின்னுக்குத் தள்ள, நுரையீரலுக்குள் நீர் கசிகிறது. மூச்சு முட்டுவது அதனால்தான். அடுத்த சோதனைக்குமுன் உடம்பிலுள்ள மேலதிக நீரைச் சிறுநீராக இறக்கி, பிரஷரையும் தணிக்க வேண்டும் என்றார்.

"அப்ப உம்மா அடம்பிடிக்கல்லயா டொக்டர்?" என்று கேட்டாள் றிஷானா.

"இல்லை. அவ தன்னாலை ஏலுமானதைவிடக் கூடத்தான் செய்திருக்கிறா."

றிஷானா உள்ளே போய், தாயின் காலடியில் தலையை வைத்து அழுதாள். பரீதா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாரேயன்றி, கையை நீட்டவில்லை. நீட்ட இயலவில்லையோ, மனம் வரவில்லையோ, எனக்குத் தெரியாது. பயந்தாங்கொள்ளி என்று மகள் தம்மை ஏசியதை அவர் அப்போது மறந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நீர் இறங்கச் சில நாட்கள் எடுத்தன. வீக்கம் வடிந்து அவருடைய விரல்கள் மெலிந்தன. மீண்டும் எக்கோ செய்து பார்த்தபின், நாளைக் காலையில் முயல்வோம் என்றார் துவாரகன். அந்த வேளையில் உறவினரை உள்ளே விடுவது வழக்கமில்லை. பரீதா என் கையைக் கேட்டு வாங்கி, 'வாசல்' என்று எழுதினார். எனக்கு உடனே விளங்கியது. துவாரகனுக்கு விளங்கவைக்கத்தான் நேரம் எடுத்தது: மகள் கட்டிலருகே வர வேண்டாம், ஆனால் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து அவளை அங்கே இருத்த வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும். பால் மறக்கடிக்கும் முறை அதுதானாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு கதிரையைத் தாமே தூக்கிச்சென்று வாசலில் போட்டார்.

அன்று பரீதாவுக்கு வியர்க்கவில்லை. குழாயை எடுத்து, முகமூடியால் ஒட்சிசன் கொடுத்தார்கள். பின்னேரம் நான் போனபோது, கரகரத்த குரலில், மூச்சுக்கு மூச்சு நின்று, அவர் என்னிடம் பேசினார்.

"டீச்சர்... இப்ப நான்... ரெண்டு சுழியா, மூண்டு சுழியா?"

வீடு திரும்பியபின் அவர் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். அது முழுமையான வாழ்வு என்று எழுத எனக்கு மனமில்லை. உப்பில்லாத சோறும், அளந்து குடிக்கும் தண்ணீரும், இரண்டு தலையணைமேல் சாய்ந்த உறக்கமுமாக அது கழிந்தது. இடியப்ப உரல் அலுமாரியின்மேல் ஏறிவிட்டது. றிஷானா தன் குடும்பத்துடன் தாய் வீட்டுக்கே வந்துவிட்டாள். தாயை ஒரு கணமும் விட்டு நகரமாட்டாள். குசினியிலிருந்தால் கூப்பிட்டுக்கொண்டேயிருப்பாள், மறுமொழி ஒரு நொடி பிந்தினால் கையைத் துடைக்காமலே ஓடிவருவாள். தாய் இருமினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோவை அழைத்துவிடுவாள். தன் இளைய பிள்ளை எங்கே விளையாடுகிறது என்பதுகூடச் சில நேரம் அவளுக்குத் தெரியாது. இவளுக்கு முலை மறக்கவில்லை டீச்சர் என்று பரீதா என்னிடம் ஒருநாள் சொன்னார். பகிடியாகச் சொன்னதாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, மீண்டும் கச்சான் காற்று எழுந்த காலத்தில், அவருக்கு மூச்சு முட்டியது. வாயையும் மூக்கையும் இறுக மூடும் முகமூடி வழியே காற்றைச் செலுத்தினார்கள். துவாரகன் எக்கோ செய்து பார்த்தார். திரையைப் பார்த்தபின், கருவியைத் துடைத்து வைப்பதற்கு அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். விரிய மறந்திருந்த இதயம் இம்முறை சுருங்கவும் மறந்திருந்தது. முகமூடி போதாமற்போனால் மீண்டும் குழாய் செலுத்தலாம். ஆனால் செலுத்தினால் பிறகு எடுக்க முடியும் என்று சொல்வதற்கில்லை என்று, பரீதாவுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

போடுங்கள் என்றாள் றிஷானா. பரீதா தலையை இருபுறமும் அசைத்தார். போடுங்கள் டொக்டர், உம்மாவுக்கு விளங்காது என்று அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாம் விளங்குகிறது என்பது அங்கு நின்ற அனைவருக்கும் தெரிந்திருந்தது. துவாரகன் குனிந்து பரீதாவிடமே கேட்டார். அவர் மீண்டும் தலையை அசைத்து, என்னைப் பார்த்தார். அவருக்கு வேண்டாமாம் என்று நான் சொன்னேன். றிஷானா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்மீது இருக்கிறது.

பிற்பகல் அசர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. றிஷானா தாயின் கையை விடவில்லை. முகத்தோடு முகம் வைத்து அழுதுகொண்டேயிருந்தாள். வீட்டில் இளைய பிள்ளை அழுகிறதென்று கணவர் எடுத்த அழைப்புக்கும் அவள் மறுமொழி சொல்லவில்லை. பரீதா தம் மற்றக் கையை மெல்ல உயர்த்தி, மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அவளுடைய அழுகையைச் சற்று நேரம் கேட்டார். பிறகு அந்தக் கையால் முகமூடியைத் தூக்கினார். தாதி தடுக்க வந்தார். துவாரகன் விடச் சொன்னார்.

"வாசல்ல இரி மகள். எனக்குக் கண்ணுக்குத் தெரியணும். கிட்ட வராத."